பழைய செவி பிக்கப்பில் கழன்று தொங்கும் பெட்ரோல் லைன்கள்: நாள்பட ஓடியபின் எது நிற்கிறது, எது காலை வாருகிறது

1973 முதல் 1987 வரை வந்த செவ்ரோலெட், ஜிஎம்சி பிக்கப்புகளை அமெரிக்காவில் ‘ஸ்கொயர்பாடி’ என்பார்கள். முந்தைய தலைமுறை வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஸ்கொயர்பாடியில் அது சேஸிஸ் சட்டத்துக்கு வெளிப்பக்கம் போய்விட்டது. பல வண்டிகளில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு டேங்க். பக்கவாட்டில் மோதினால் தீப்பிடிக்கும் என்று இந்த அமைப்பைப் பற்றி 1990களில் அங்கே பெரிய சர்ச்சையே நடந்தது. இந்த வண்டியில் வெடித்த ஹோஸைப் ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று விடக்கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கைமாறிக் கைமாறி வந்த வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். டேங்கின் மேல் உள்ள சென்டரில் (பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் ‘sender’ என்ற சாதனம்) மூன்று குழாய் மூக்குகள், அதில் ஒன்றில் மட்டும் ஹோஸ். சட்டத்தின் ஓரம் ஓடிவரும் இரும்பு லைன்களில் இரண்டு எதிலும் சேராமல் நிற்கும். எஞ்சின் பக்கம் ஒரு லைனின் வாயில் போல்ட் திருகி அடைத்திருப்பார்கள். இதற்கெல்லாம் பெரும்பாலும் பம்ப்தான் காரணம். சில பம்புகளில் மூன்று மூக்கு: உறிஞ்சல், கார்புரேட்டருக்குப் போவது, மிஞ்சியதை டேங்குக்கே திருப்பும் ரிட்டர்ன். பழுதான பம்பைக் கழற்றிவிட்டு இரண்டு மூக்குப் பம்பைப் போட்டதும் ரிட்டர்ன் லைன் அநாதையாகிவிடும். டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டியை (சார்கோல் கேனிஸ்டர்) ‘தேவையில்லாத சாமான்’ என்று கழற்றி எறிந்ததும், டேங்குக்குக் காற்றும் ஆவியும் போய்வரும் வென்ட் லைனும் அநாதையாகிவிடும்.

எந்த ஹோஸையும் மாட்டுமுன் எந்தக் குழாய் எது என்று தெரிந்தாக வேண்டும். தடிமனை வைத்துத் தோராயமாகச் சொல்லலாம்: 3/8 இன்ச் இருந்தால் சப்ளை. மெல்லியவை இரண்டில் ரிட்டர்ன் எது, வென்ட் எது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு குழாயிலும் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று விடுங்கள். டேங்கில் பாதியளவு பெட்ரோல் இருக்கட்டும். சப்ளைக் குழாய் அடிவரை போவதால் குமிழி கொப்பளிக்கும் சத்தம் கேட்கும். வென்ட் குழாய் மேல் மட்டத்திலேயே முடிவதால் ‘புஸ்’ என்ற காற்றுச் சத்தம் மட்டும் வரும். மிஞ்சியது ரிட்டர்ன். கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம். டேங்க் உப்பும், திறந்த வாய் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும். வாயால் உறிஞ்சிப் பார்ப்பதும் கூடாது.

சென்டரை எட்ட இரண்டு வழி. டேங்கின் பட்டைகளைத் தளர்த்தி, ஜாக்கின் மேல் பலகை வைத்து இறக்கலாம். இல்லையென்றால் சரக்கு ஏற்றும் பின் தொட்டியின் போல்ட்களைக் கழற்றி நாலு பேராகத் தூக்கி வைக்கலாம். இரண்டு டேங்கையும் பார்க்க வேண்டியிருந்தால் தொட்டியைத் தூக்குவதுதான் லாபம். டேங்கை இறக்குவதென்றால் முதலில் காலி செய்துவிடுங்கள். 20 கேலன் டேங்க் நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டுமே 55 கிலோ இருக்கும். அதுவும் உள்ளே அலை அடிக்கும் எடை.

இனி வென்ட். மூன்றில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான், வண்டியை நடுரோட்டில் நிறுத்துவதும் பெரும்பாலும் இதுதான். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வழி அடைபட்டால் டேங்கினுள் வெற்றிடம் ஏறும், பம்ப் அதை எதிர்த்து இழுத்துத் தோற்கும். ஊருக்குள் நன்றாக ஓடும் வண்டி, நெடுஞ்சாலையில் 20 நிமிடத்தில் மூச்சுத் திணறி நிற்கும். பத்து நிமிடம் ஓரங்கட்டினால் மறுபடி கிளம்பும். பம்ப், காயில், கார்புரேட்டர் என்று வரிசையாகப் பணம் செலவழித்த பிறகுதான் மூடியைத் திறக்கும்போது வரும் ‘ஸ்ஸ்’ சத்தம் பலர் காதில் விழுகிறது. மூடியிலும் இரண்டு ரகம் உண்டு. வென்ட் லைன் இல்லாத பழைய அமைப்புக்குக் காற்றுவிடும் மூடி. கரிப்பெட்டி உள்ள அமைப்புக்கு அழுத்தம் எல்லை மீறினால் மட்டும் திறக்கும் மூடி. இந்த இரண்டாவது ரகத்தைப் போட்டுவிட்டு வென்ட் குழாயையும் அடைத்துவைப்பதுதான் மேலே சொன்ன திணறலுக்கு வழக்கமான காரணம்.

வென்ட் ஹோஸ் போகும் பாதையும் முக்கியம். நடுவில் ஒரு தொங்கல் விழுந்தால் அந்தப் பள்ளத்தில் திரவப் பெட்ரோல் தேங்கி ஆவிக்கு வழி மறித்துவிடும். டேங்கிலிருந்து கிளம்பியதும் மேல்நோக்கி ஏறி, பிறகு சட்டத்தோடு ஒட்டி, தொய்வில்லாமல் முன்னால் கரிப்பெட்டிவரை போக வேண்டும். பெட்டியின் மூக்குகளில் டேங்க், கார்ப் பவுல் (கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம்), பர்ஜ் (சேர்ந்த ஆவியை எஞ்சின் இழுத்துக்கொள்ளும் வழி) என்று எழுத்து பதித்திருக்கும். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்தால் தெரியும். பர்ஜ் ஹோஸை எப்போதும் வெற்றிடம் இழுக்கும் மேனிஃபோல்ட் மூக்கில் நேரடியாகச் செருகினால் ஐடிலில் ஆவி தொடர்ந்து உள்ளே போய், எஞ்சின் தடுமாறும். பழைய பெட்டி வாங்கினால் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்து பெட்ரோல் நாறினால் கரி ஊறிப்போய்விட்டது, வேண்டாம். அடியில் உள்ள பஞ்சு வடிகட்டியையும் மாற்றிவிடுங்கள். கலிஃபோர்னியாவில் 1976, அதற்குப் பிந்தைய மாடல் பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை உண்டு. கரிப்பெட்டி இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது.

இரண்டு டேங்க் வண்டியில் டேங்க் மாற்றும் வால்வு தனிக் கதை. ஆறு மூக்கு வால்வில் இடது டேங்கின் சப்ளையும் ரிட்டர்னும், வலதின் சப்ளையும் ரிட்டர்னும், எஞ்சினுக்குப் போகும் இரண்டும் சேரும். இதில் ஒரு ஜோடி இடம் மாறினால், அல்லது உள்ளே ரிட்டர்ன் பக்கம் சிக்கிக்கொண்டால், இடது டேங்கில் எடுத்து வலது டேங்கில் கொட்டும். இடது சீக்கிரம் வற்றும், வலது மூடி வழியே வழியும். ‘மைலேஜ் திடீரென்று பாதியாகிவிட்டது’ என்று புலம்புகிறவர்கள் முதலில் மற்ற டேங்கின் மூடியடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். மோட்டார் ரக வால்வில் டாஷ்போர்டு சுவிட்சைத் தட்டியதும் கேபினுக்கு அடியில் ஒரு முனகல் கேட்க வேண்டும். மீட்டரின் இணைப்பும் இதே வால்வு வழியாகத்தான் மாறுகிறது. சுவிட்ச் தட்டியும் முள் அசையாவிட்டால் வால்வுக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். சென்டரின் ஓம் அளவு காலிக்கு 0, நிறைவுக்கு 90. முள் ‘ஃபுல்’லையும் தாண்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் வயர் அறுந்திருக்கும், அல்லது எர்த் விட்டிருக்கும்.

நாள்பட எந்த ஹோஸ் தாங்கும்? ஜே30ஆர்7 என்று அச்சிட்ட சாதாரண கார்புரேட்டர் ஹோஸ் லீக் ஆகாது, ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலில் சில ஆண்டுகளிலேயே ஹோஸின் சுவர் வழியாக ஆவி கசியும். கேரேஜ் கதவைத் திறந்ததும் வாடை அடிக்கும். எங்கும் ஈரம் இருக்காது, எல்லோரும் கார்புரேட்டரைத் திட்டுவார்கள். உள்ளே ஃப்ளோரோ ரப்பர் பூசிய ஜே30ஆர்9 விலை அதிகம், கொஞ்சம் விறைப்பு, மாட்டச் சிரமம். ஆனாலும் டேங்க் மேலே, இன்னொரு முறை கை நுழையாத இடத்தில், அதைத்தான் போட வேண்டும். காசு பார்க்க வேண்டுமென்றால் எஞ்சின் அருகில், எட்டும் இடத்தில் ஆர்7 போடுங்கள். வென்ட்டுக்கு ‘காற்றுதானே’ என்று வாக்குவம் ஹோஸ் போடுவது தப்பு. பெட்ரோல் ஆவியில் ஊதி, கொழகொழத்து, உள்ளே ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் சோதனைக்கு மட்டும். எஞ்சின் சூட்டில் குச்சிபோல் இறுகி வெடிக்கும்.

அளவிலும் கவனம் வேண்டும். 5/16 இன்ச் குழாய்க்கு 8 மி.மீ. ஹோஸ் சரியாக உட்காரும். 3/8 என்பது 9.5 மி.மீ.; 10 மி.மீ. ஹோஸைக் கிளாம்ப் போட்டு இறுக்கினாலும் உறிஞ்சல் பக்கத்தில் சொட்டு விழாமலேயே காற்று இழுக்கும். பம்ப் கெட்ட மாதிரியே இருக்கும். சந்தேகம் வந்தால் பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டிக் குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். பற்கள் வெட்டிய சாதாரண திருகு கிளாம்ப் ரப்பரைக் கடித்துக் கிழிக்கும். விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளாம்ப் நல்லது. துருப்பிடித்த இரும்பு லைனுக்குப் பதில் செம்பு-நிக்கல் குழாய் கையாலேயே வளையும். வெறும் செம்பு போடாதீர்கள். அதிர்வில் இறுகி விரிசல் விடும். ஹோஸ் ஏறும் முனையில் ஒரு புடைப்பு உருட்டாவிட்டால் எந்தக் கிளாம்பும் நம்பத்தக்கதல்ல.

ரிட்டர்ன் இல்லாத பம்பையே வைத்துக்கொள்வதாக இருந்தால் டேங்கின் ரிட்டர்ன் மூக்கைப் பெட்ரோல் தாங்கும் ஹோஸ் துண்டும் அடைப்பும் வைத்து மூடுங்கள். கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் வாக்குவம் மூடிகள் ஓராண்டு தாங்கினாலே அதிகம். ஆனால் ஏசி உள்ள வண்டி, வெயில் ஊர் என்றால் ரிட்டர்ன் இருக்கட்டும். சூடேறிய பெட்ரோல் திரும்பி ஓடினால்தான் லைனில் ஆவி அடைக்காது.

எல்லாம் மாட்டியபின் கார்புரேட்டர் முனையைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, இக்னிஷன் வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 30 வினாடியில் அரை லிட்டர் வந்தால் பம்பும் லைனும் சரி. குவாட்ராஜெட் கார்புரேட்டர் என்றால் நுழைவாயில் நட்டுக்குள் ஒரு சின்ன வடிகட்டி, பின்னால் ஸ்பிரிங்கோடு இருக்கும். பல காலம் கிடந்த டேங்கைத் திறந்துவிட்டால் ஒரே வாரத்தில் அது துருப்பொடியால் நிறையும். நட்டைக் கையால் பிடித்து நேராகத் திருகிய பிறகே ஸ்பேனர் போடுங்கள். கார்புரேட்டர் உலோகம் மிருது, மரை போனால் மொத்தமும் போச்சு.

கடைசியாக பங்கில் முழு டேங்க் அடியுங்கள். துப்பாக்கி நாலு லிட்டருக்கு ஒருமுறை தானாக நின்றுகொண்டே இருந்தால், வாய்க்குழாயோடு ஒட்டிப்போகும் சின்னக் காற்றுக்குழாய் மடங்கியிருக்கிறது. பின் தொட்டியைத் திரும்ப இறக்கி வைக்கும்போது நசுங்குவது எப்போதும் அதுதான்.