பேச்சுத்துணைச் சேவை: இரண்டரை வருடத்துக்குப் பிறகு

"நீ அந்தப் பேச்சுத்துணைச் சேவையில் இருக்கியே, நானும் பேர் கொடுக்கட்டுமா?" என்று போன வாரம் சிநேகிதி கேட்டாள். சரி என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நடைமுறை பலருக்கும் தெரிந்ததுதான். பின்னணி விசாரித்து, பயிற்சி கொடுத்து அனுப்பும் தன்னார்வலர் ஒருவர், தனியாக இருப்பவர் வீட்டுக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்க வருவார். வீட்டு வேலை, மருந்து, பணம் எதையும் தொடமாட்டார். அதில் எனக்குக் குறையில்லை.

முதலில் வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. முதல் இரண்டு மாதம் அவள் கேள்வி கேட்பாள், நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வேன். ஒரு புதன்கிழமை அவள் தோள்பையின் வார், தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. "கொடும்மா" என்று வாங்கிக்கொண்டு, என் வீட்டுக்காரர் போன பிறகு திறக்காத நூல் பெட்டியைத் திறந்தேன். ஊசியில் நூல் கோர்க்க எனக்குக் கண் தெரியவில்லை. அவள் கோர்த்துக் கொடுத்தாள், நான் தைத்தேன். அன்றைக்கு நாங்கள் பேசியது பத்து வாக்கியம் இருக்காது. அவள் போன பிறகும் நெடுநேரம் மனசு நிறைந்திருந்தது. என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் எனக்கு ஏதாவது செய்யத்தான் வருவார்கள். என்னால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் அறுந்த பொத்தான், பிரிந்த மடிப்பு என்று ஏதாவது எடுத்துக்கொண்டு வருவாள்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு புதன், மூன்று மணிக்கு அழைப்பு மணி அடிக்கவில்லை. நூல் பெட்டி மேசைமேல் தயாராக இருந்தது. நான்கு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது: அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், புதியவர் விரைவில் வருவார். சொந்த எண்களைப் பரிமாறிக்கொள்ளக் கூடாது என்பது விதி. இரண்டு பேரின் பாதுகாப்புக்கும் அது வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போய்வருகிறேன் என்று சொல்ல ஒரு பத்து நிமிடம் ஏற்பாடு செய்திருக்கக் கூடாதா? தனியாக இருப்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே யாரையோ சொல்லாமல் கொள்ளாமல் இழந்தவர்கள். அவர்களுக்கே இப்படி இன்னொரு முறை செய்யலாமா? இந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இடையில் பதினொரு வாரம் யாரும் வரவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை மூன்று கேள்விகள் கொண்ட படிவம் தருவார்கள். துணை இல்லை என்று எத்தனை தடவை தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக, தனித்துப்போனதாக எத்தனை தடவை தோன்றுகிறது என்று கேட்கும். தனிமையை அளக்க 1978இல் வந்த 20 கேள்வி அளவுகோலின் சுருக்கமாம். குறைந்தது 3, கூடினால் 9; எண் கூடக் கூடத் தனிமை அதிகம். சேரும்போது எனக்கு 9, அந்தப் பெண் வந்துகொண்டிருந்தபோது 5. அந்தப் பதினொரு வாரத்தில் யாரும் படிவம் தரவில்லை.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வருகிறவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. சின்ன வயதில் வேலை, கல்யாணம் என்று ஊர் மாறத்தான் செய்வார்கள். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொன்னது. காத்திருக்கும் வரிசை நீளமாகத்தான் இருக்கும். நான் புகார் செய்தபோது ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். அது பொய்யான முகம் இல்லை.

இப்போது வருகிறவர் ஓய்வு பெற்றவர், நிதானமானவர். முதல் நாளே கேட்டேன்: "நிறுத்துவதானால் எனக்கு முன்கூட்டியே சொல்வீர்களா?" ஒரு மாதம் முன்னால் சொல்கிறேன் என்றார். இதுவரை ஒரு புதன்கூடத் தவறவில்லை. ஆனாலும் மூன்று மணி அடிக்கும் வரை எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

அதனால், இன்றைய மனநிலையில் என்னைக் கேட்டால், சேராதே என்றுதான் சொல்வேன். நீ விலகப்போகிறாயா என்று கேட்பாய். இல்லை. அந்தப் பெண் விட்டுப்போன சட்டை ஒன்று பொத்தான் தைத்து, மடித்து, நூல் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.