மாஸ்கிட்டோ: பழைய மரமா, புது மரமா?

மாஸ்கிட்டோ இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் மர விமானம். 7,781 கட்டியும் மிஞ்சியவை சொற்பம். அவற்றைக் காக்க இரண்டு வழி: பழைய மரத்தோடு வைப்பது, புது மரத்தில் மீண்டும் கட்டுவது. உலோகம் துருப்பிடிப்பது வெளியே தெரியும். பால்சா என்ற லேசான மரத்தை நடுவே வைத்து பிர்ச் பிளைவுட் ஒட்டிய இந்த உடல் உள்ளுக்குள்ளேயே மட்கும். ஆரம்பத்தில் போட்டது பால்புரதமான கேசீன் பசை. ஈரம் பட்டால் பூஞ்சைக்கு விருந்து.

பழைய மரம்: 1940-ல் பறந்த முதல் மாஸ்கிட்டோவான டபிள்யூ 4050-ஐப் போல கூரைக்குள் நிறுத்தலாம். ஈரப்பதம் ஏறி இறங்கவே கூடாது. பறக்க நம்ப முடியாது.

புது மரம்: நியூசிலாந்தில் அச்சு செய்து, உடலை இரண்டு பாதியாக வார்த்து ஒட்டினார்கள், அப்படிக் கட்டிய கேஏ 114 என்ற விமானம் 2012-ல் பறந்தது. வருஷக்கணக்கில் வேலை, பணமும் கொட்டணும். உலோகப் பாகங்கள் தவிர அசல் கொஞ்சம்தான்.

வரலாற்றுச் சான்று வேண்டுமென்றால் முதலாவது. இரண்டு மெர்லின் எஞ்சினும் உறும வேண்டுமென்றால் இரண்டாவது. மட்கிய உடலை ஒட்டுப்போட்டுப் பறக்க நினைப்பது மட்டும் வேண்டாம்.