சயானா, பிரைஸா? லாஸ் வேகஸிலிருந்து ஒரு நாள்

லாஸ் வேகஸில் ஒரு நாள் மிச்சம் இருந்தால், பக்கத்து மாநிலமான யூட்டாவில் இருக்கும் சயான், பிரைஸ் கேன்யன் என்ற இரண்டு தேசியப் பூங்காக்களையும் காட்டிவிடுவதாகச் சொல்லும் பஸ் சுற்றுலாக்கள் கண்ணில் படும். பணம் கட்டுவதற்கு முன் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பிரைஸ் போக நான்கு மணி நேரம். அங்கிருந்து சயானுக்கு இரண்டு. சயானிலிருந்து திரும்ப இரண்டரைக்கு மேல். ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் இருக்கையிலேயே கழிந்துவிடும். போதாததற்கு, யூட்டாவில் கடிகாரம், லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது.

இரண்டுக்கும் குணம் நேரெதிர். சயானில் பள்ளத்தாக்கின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். வர்ஜின் ஆறு அறுத்தெடுத்த மணற்கல் சுவர்கள் இருபுறமும் செங்குத்தாக எழுகின்றன. பிரைஸில் விளிம்பில் நின்று கீழே பார்க்கிறோம். பெயரில் கேன்யன் இருந்தாலும் அது ஆறு குடைந்த பள்ளத்தாக்கு அல்ல. விரிசல்களில் புகுந்த நீர் இரவில் உறைந்து பாறையைப் பிளக்க, பகலில் உருகி மீண்டும் உள்ளே இறங்க, அப்படியே சிதைந்து மிஞ்சியவைதான் ஹூடூ எனப்படும் அந்தச் செந்நிறக் கல்தூண்கள்.

பிரைஸ் உடனே தன்னைக் காட்டிவிடும். காரை நிறுத்திச் சில நிமிடங்கள் நடந்தால் விளிம்பு வந்துவிடும். நவாஹோ லூப், குயின்ஸ் கார்டன் பாதைகளைச் சேர்த்து மூன்று மைல் இறங்கி ஏறினால் மனம் நிறையும். விளிம்பு 8,000 அடிக்கு மேல் இருப்பதால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். கோடையிலும் வெயில் ஓரளவு தணிந்திருக்கும்.

சயான் அவசரக்காரர்களுக்கு இடம் கொடுக்காது. மார்ச் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் பள்ளத்தாக்குக்குள் போகும் முக்கியச் சாலையில் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை; பூங்காவின் இலவச ஷட்டில் பஸ்தான். ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்கு ஏற 2022 முதல் குலுக்கலில் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் ஆற்றுக்குள்ளேயே நடக்கும் நாரோஸ் என்ற குறுகிய பள்ளத்தாக்கு இருக்கிறதே, அதற்கு ஈடாக பிரைஸில் எதுவும் இல்லை. கீழ்முனையிலிருந்து நுழைந்து அன்றே திரும்புவதற்கு அனுமதிச் சீட்டும் தேவையில்லை. கோடையின் பிற்பகுதியில் மட்டும் திடீர் வெள்ள எச்சரிக்கையைப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள். மழை தொலைவில் பெய்தாலும் வெள்ளம் இங்கே வந்து சேரும்.

ஒரே நாள் என்றால் என் ஓட்டு சயானுக்கு, அதுவும் சயானுக்கு மட்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோ சிறு குழந்தைகளோ உடன் வந்தால் பிரைஸ், தூரத்தைச் சகித்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பவர்கள் சொந்தக் காரில், 1930-இல் திறந்த மவுண்ட் கார்மல் சுரங்கப்பாதை வழியாக சயானைக் கடந்து பிரைஸுக்குப் போகட்டும். அந்தச் சாலையில் கார்களுக்குத் தடையில்லை. வழியெங்கும் பாறைக் காட்சிகள். இறங்கி நடக்கும் நேரம் முழுவதையும் பிரைஸுக்கே கொடுத்துவிடலாம்.

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பை இந்தப் பட்டியலிலேயே நான் சேர்க்கவில்லை. போகவே நாலரை மணி நேரம் ஆகும்; திசையும் வேறு.