எஃபெக்ட்ஸ் லூப் லெவல்: டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியா, பேரலல் மிக்ஸரா, பெடலையே மாற்றுவதா?

கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் வைத்தால் ஒழுங்காக வேலை செய்யும் டிலே பெடல், பின்பக்க எஃபெக்ட்ஸ் லூப்பில் (ப்ரீ ஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே பெடல்களைச் செருகும் வழி) செருகியதும் கரகரவென்று உடைகிறதா? பெரும்பாலும் பெடலிலும் கோளாறு இல்லை, ஆம்ப்பிலும் இல்லை. லூப்பின் சென்ட் ஜாக் அனுப்பும் மின்னழுத்தம், பெடல் எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு அதிகம், அவ்வளவுதான். என்னுடைய 40 வாட் வால்வு காம்போவும் இப்படித்தான். பின்னால் சிக்னலை வெளியே அனுப்பும் சென்ட், பெடலிலிருந்து திரும்ப வாங்கும் ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் மட்டும். லெவல் குமிழோ ஸ்விட்சோ கிடையாது. அதனால் வெளியிலிருந்து ஒரு தீர்வு தேட வேண்டியிருந்தது. மூன்று வழிகளைப் பார்த்து ஒன்றை வாங்கினேன்.

முதலில் கணக்கு. பாஸ் கம்பெனியின் சிறிய பெடல்கள் பலவற்றின் கையேட்டில் இன்புட் லெவல் -20 டிபியு என்று போட்டிருப்பார்கள் (சிக்னல் மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அளவு; டிபிவியும் அப்படியே, அடிப்படை மட்டும் வேறு). ஏறக்குறைய 78 மில்லிவோல்ட். -10 டிபிவி என்று குறித்த லூப் தருவது 316 மில்லிவோல்ட். ஸ்டுடியோ ரேக் கருவிகளுக்கான +4 டிபியு என்றால் 1.23 வோல்ட். பெடலுக்கும் ரேக்குக்கும் இடையே 24 டெசிபல், அதாவது சுமார் 16 மடங்கு. லூப்புகள் பரவலான 1980களில் அவற்றில் செருகப்பட்டவை பெரும்பாலும் ரேக் கருவிகள் என்பதால், அந்த வழியில் வந்த ஆம்ப்புகள் பெரிய சிக்னலையே அனுப்புகின்றன.

ஆனால் கையேட்டில் உள்ள -20 என்பது வழக்கமான லெவல்தான், உச்ச வரம்பு அல்ல. 9 வோல்ட்டில் ஓடும் பெடலுக்குள் சிக்னல் மேலும் கீழுமாக 7 வோல்ட் வரை ஆட இடமிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது 2.5 வோல்ட் ஆர்எம்எஸ் (மேலே தந்த எண்களும் இந்த வகைச் சராசரிதான்). 1.23 வோல்ட் உள்ளே வந்தால் மிச்சம் 6 டெசிபல். அழுத்தி ஒரு கார்டு அடித்தால் அது போய்விடும். டிஜிட்டல் பெடல்களில் சிக்னலை எண்களாக மாற்றும் கன்வெர்ட்டருக்கு முன்பும், பழைய வகை அனலாக் டிலேக்களில் சிக்னலைத் தாமதிக்கும் பக்கெட் பிரிகேட் சிப்பிலும் இந்த இடம் இன்னும் குறைவு.

செலவில்லாத வழி இருந்தால் அதோடு முடித்துக்கொள்ளுங்கள். மார்ஷல் ஜேவிஎம் போன்றவற்றில் +4, -10 ஸ்விட்ச் இருக்கிறது. சிலவற்றில் சென்ட் குமிழ் இருக்கும். மாஸ்டர் வால்யூம் லூப்புக்குப் பின்னால் அமைந்த ஆம்ப் என்றால் சேனல் வால்யூமைக் குறைத்து மாஸ்டரை ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். என் ஆம்ப்பில் மாஸ்டர் லூப்புக்கு முன்னால். வீட்டில் மெதுவாக வாசித்தால் ஒன்றும் தெரியாது. மேடையில் ஏற்றினால் பெடல் உடையும். வாங்கும் முன் கடையில் சோதித்தால் பிடிபடாத விஷயம் இது.

இனி மூன்று வழிகள். பெடலையே மாற்றுவது எளிது, பணம் இருந்தால். ஸ்ட்ரைமன் டைம்லைன், பிக்ஸ்கை இரண்டும் +8 டிபியு வரை தாங்கும்; கிட்டத்தட்ட 2 வோல்ட். ஆனால் இருக்கிற பெடல்களை விற்றுவிட்டு வாங்க எனக்கு மனமில்லை. இன்னொன்று: "18 வோல்ட் கொடுத்தால் ஹெட்ரூம் கூடும்", அதாவது சிக்னல் உடையாமல் ஆட இடம் கூடும் என்று சொல்வார்கள். அதற்கென்றே வடிவமைத்த அனலாக் பெடலுக்கு அது சரி. பல டிஜிட்டல் பெடல்கள் உள்ளே மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்வதால் பலன் இருக்காது. 9 வோல்ட்டுக்கு மட்டும் ஆனதில் கொடுத்தால் பெடல் போய்விடும்.

அடுத்தது பேரலல் மிக்ஸர். கிட்டாரின் நேரடி ஒலி தன் வழியே போகும், பெடலுக்குப் பிரிந்து போகும் கிளையை மட்டும் நாம் கூட்டிக் குறைக்கலாம். டிலே, ரிவர்பில் நேரடி ஒலி கன்வெர்ட்டரைத் தொடாமலே போவது நிஜமாகவே அழகு. நண்பரிடம் இரவல் வாங்கிச் சில ஒத்திகைகளில் மட்டுமே பயன்படுத்தினேன், அதனால் நீண்டகால அபிப்பிராயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெடலில் நேரடி ஒலியை முழுவதும் அணைக்கும் வசதி இல்லையென்றால், சற்றே தாமதித்து வரும் அதன் நகல் அசலோடு கலந்து ஒலி மெலிந்துவிடும். நேரடி ஒலியையே மாற்றும் ட்ரெமொலோ, ஈக்யூ, கம்ப்ரஸர் இதில் ஒத்துவராது. என் லூப்பில் ட்ரெமொலோ உண்டு. அங்கேயே எனக்கு இது விழுந்துவிட்டது.

நான் வாங்கியது மூன்றாவது: எப்டெக் லைன் லெவல் ஷிஃப்டர் வகைப் பெட்டி. பேட்டரி, அடாப்டர் எதுவும் வேண்டாம், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். இரண்டு சேனல். ஒன்றில் சென்டை ஏறத்தாழ 12 டெசிபல் இறக்கி பெடலுக்குக் கொடுக்கிறேன். பெடலிலிருந்து வருவதை மற்றதில் அதே 12 டெசிபல் ஏற்றி ரிட்டர்னுக்கு அனுப்புகிறேன். இந்த இரண்டாவது பாதிக்காகத்தான் வாங்கினேன். வெறுமனே குறைப்பது என்றால் இரண்டு ரெசிஸ்டரும் ஒரு சிறு டப்பாவும் போதும், மிகச் சொற்பச் செலவு. ஆனால் அப்படிக் குறைத்தால் பவர் ஆம்ப்புக்குக் கால்வாசி மின்னழுத்தம்தான் போகும். பெடல் உடையாது, சரி, ஆம்ப்பும் முழங்காது. மாஸ்டரை ஏற்றி ஈடுகட்டலாம் என்றால், என்னுடையது போல மாஸ்டர் முன்னால் இருக்கிற ஆம்ப்பில் அது சென்டையும் சேர்த்தே ஏற்றும். பெடல் பழையபடி உடையத் தொடங்கும். சென்டில் எடுத்ததை ரிட்டர்னில் திருப்பிக் கொடுக்காத எதையும் இந்த வகை ஆம்ப்புக்குத் தீர்வாக நான் ஏற்கமாட்டேன். சோதனை சுலபம்: லூப் காலியாக இருக்கும்போதும், பெட்டியும் பைபாஸில் (அணைத்த நிலையில்) உள்ள பெடலும் செருகியிருக்கும்போதும் சத்தம் ஒன்றாக இருக்க வேண்டும்.

12 டெசிபல் போதுமா என்றால், -10 டிபிவி லூப்பிலிருந்து -20 டிபியு பெடலுக்கு உள்ள தூரமே அவ்வளவுதான். +4 லூப்பில் இன்னும் 12 மிச்சமிருக்கும். அதைப் பெடலின் ஹெட்ரூம் பார்த்துக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. பெடலின் சொந்த இரைச்சலும் அதே 12 டெசிபல் ஏறும். என் டிலேயில் பொறுத்துக்கொள்கிறேன். பழைய கோரஸ் ஒன்று இரைந்ததால் அதை லூப்பிலிருந்து எடுத்துவிட்டேன். பிறகு இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு ஒரு கருவி காட்டும் மின்தடை. டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை 4 மடங்கு ஏற்றும்போது, பின்னாலிருக்கும் பெடலின் அவுட்புட் இம்பீடன்ஸ் ரிட்டர்னுக்கு 16 மடங்காகத் தெரியும். 1 கிலோ ஓம் பெடல் 16 கிலோ ஓம் ஆகும், பரவாயில்லை. 10 கிலோ ஓம் பெடல் 160 ஆகிவிடும். லெவலும் மேல் அதிர்வெண்களும் போகும். ஆகவே சங்கிலியின் கடைசியில் பஃபர் (அவுட்புட் இம்பீடன்ஸைக் குறைக்கும் சுற்று) உள்ள பெடலை வையுங்கள், ட்ரூ பைபாஸை (அணைத்தால் சிக்னலை அப்படியே கடத்திவிடும் பெடலை) அல்ல. சென்ட் பக்கமும் பலவீனமாக இருக்கக் கூடாது. என் ஆம்ப்பில் ஆப்-ஆம்ப் என்ற சிப் ஓட்டும் சென்ட், பிரச்சினை இல்லை. பஃபரே இல்லாத பழைய வால்வு லூப்பில் நான் முயன்றதில்லை. அங்கே டிரான்ஸ்ஃபார்மரின் சுமையில் ஒலி மங்கக்கூடும்.

எதிர்பாராத லாபம் ஒன்று: டிரான்ஸ்ஃபார்மர் கிரவுண்டைப் பிரிப்பதால் லூப்பில் இருந்த ஹம் போய்விட்டது.

எதை வாங்குவதானாலும் முன்பு உங்கள் சென்டை அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, போனிலிருந்து 400 ஹெர்ட்ஸ் ஒலியை, கிட்டாரின் அளவுக்குக் குறைத்து இன்புட்டில் கொடுத்து, மேடையில் வைக்கும் அதே வால்யூமில் அளக்க வேண்டும். 300 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் பெட்டியே தேவைப்படாது. சத்தம் தாங்கவில்லை என்று ஸ்பீக்கரை மட்டும் கழற்றிவிடாதீர்கள், வால்வு ஆம்ப்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். சிக்னல் முழுவதும் பெடல் வழியே போகும் சீரீஸ் லூப் என்றால், டியூனர் பெடலை ம்யூட்டில் வைத்து அதன் அவுட்புட்டை ரிட்டர்னில் செருகுங்கள். பவர் ஆம்ப் அமைதியாகிவிடும், நிம்மதியாக அளக்கலாம்.