வீட்டில் ஃபலாஃபல்: எகிப்து முறையா, ஜோர்டான் முறையா?

கெய்ரோவில் ஒரு காலையில் தட்டையாக, மேலே எள் ஒட்டியிருந்த ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சைப்பசேல் என்று இருந்தது. அங்கே அதற்குப் பெயர் தாமியா. அப்புறம் ஜோர்டானில் சாப்பிட்டது உருண்டையாக, உள்ளே வெளிர் மஞ்சளாக, சீரக வாசனை தூக்கலாக இருந்தது. இரண்டும் ஃபலாஃபல்தான், அதாவது ஊறிய பருப்பைக் கீரையோடு அரைத்துப் பொரிக்கும் வடை மாதிரி, ஆனால் பருப்பே வேறு. எகிப்தில் தோல் நீக்கி உடைத்த ஃபாவா பீன்ஸ், அதாவது பெரிய அவரை வகை விதை. ஜோர்டான், சிரியா, பாலஸ்தீனம் பக்கம் கொண்டைக்கடலை. லெபனானில் இரண்டையும் கலந்து அரைப்பவர்களும் உண்டு.

வீட்டில் இரண்டையும் பலமுறை செய்துவிட்டேன். என் ஓட்டு தாமியாவுக்குத்தான்.

தோல் இல்லாத பருப்பு என்பதால் ஒரு ராத்திரி ஊறினாலே மெத்தென்று ஆகிவிடுகிறது, மிக்ஸியும் திணறாது. கொத்தமல்லி, பார்ஸ்லி, வெங்காயத்தாள், கிடைத்தால் டில் கீரையும் கை நிறைய அள்ளிப் போட்டு அரைப்பதால் பொரித்த பிறகும் உள்ளே ஈரப்பதம் நிற்கும். கடித்தால் மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. தட்டையாகத் தட்டுவதால் எண்ணெய் ஆழமாக இருக்க வேண்டியதில்லை, நடுவில் வேகாமல் போகுமோ என்ற கவலையும் இல்லை.

கொண்டைக்கடலை 12 மணி நேரமாவது ஊற வேண்டும். கொஞ்சம் பெரிய உருண்டையாகப் பிடித்துவிட்டால் உள்ளே வறண்டு தொண்டையை அடைக்கும், அதனால் தாஹினி (எள் விழுது) சாஸ் இல்லாமல் நான் பரிமாறுவதே இல்லை. ஆனால் எங்கும் கிடைக்கும் பருப்பு அது, உருண்டை பிடித்து ஃப்ரீசரில் வைத்தாலும் வடிவம் குலையாது, கீரை குறைவாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். வீட்டில் யாருக்காவது ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கொண்டைக்கடலைதான், ஏனென்றால் ஃபாவா பீன்ஸ் அவர்களின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும்.

எதைச் செய்தாலும் பருப்பை வேகவைக்காதீர்கள். முதல் தடவை அவசரத்தில் டின் கொண்டைக்கடலையை அரைத்து எண்ணெயில் போட்டேன், ஒரு நிமிடத்தில் உருண்டையே இல்லை, எண்ணெய் முழுக்கத் தூள். ஊறிய பச்சைப் பருப்பில் இருக்கும் மாவுச்சத்து சூடான எண்ணெயில் வேகும்போதுதான் இறுகி ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்; ஏற்கெனவே வெந்த பருப்பு தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கும், அதற்குப் பிடிமானம் கிடையாது. ஓவனில் சுடுவதும் முடியும்தான், சுவை பாதியாகிவிடும்.

எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் வந்ததும் முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் மீதி மாவில் ஒரு ஸ்பூன் கடலை மாவு சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பொரியுங்கள்.