கழித்த மடிக்கணினிகள்: தமிழ்ப்பள்ளிக்கா, மறுசுழற்சிக்கா?

மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நிறுவனத்தின் சமூகப் பொறுப்புக் கணக்கில் இரண்டுமே சேரும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கொடுக்க ஆசை வருவது இயல்புதான்.

செலவு
பள்ளிக்கு: புது பேட்டரி, சார்ஜர், எஸ்எஸ்டி (தரவு சேமிக்கும் வட்டு) என்று கைக்காசு போகும்.
மறுசுழற்சிக்கு: மொத்தமாக இருந்தால் ஏற்றிச் செல்வதோடு வேலை முடிந்தது.

ஆயுள்
இங்கேதான் பலர் தவறுகிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 அக்டோபர் 14-இல் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதற்கும் பழசு என்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம், ஆனால் பள்ளியில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு பள்ளியின் கணினி அறையில் நானே பார்த்தேன்: பேட்டரி வீங்கி, டச்பேட் மேலே எழும்பி நின்றது. பிள்ளைகள் தொடும் மேசையில்! மனம் பதறிவிட்டது.

சட்டம்
பள்ளிக்கு: ஓடும் நிலையில் இருந்தால் அது நன்கொடை.
மறுசுழற்சிக்கு: மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளின்படி மின்கழிவு எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டு வகை. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவர்களிடம்தான் போக வேண்டும். பழைய இரும்புக் கடைக்கு அல்ல.

தரவு
எங்கே அனுப்பினாலும் டிஸ்க்கை முழுதாக அழித்துவிடுங்கள்.

சரி, எது யாருக்கு? விண்டோஸ் 11 ஏறும், பேட்டரி நன்றாக இருக்கிறது, ஓராண்டாவது பழுது பார்த்துத் தர ஆள் உண்டு என்றால் பள்ளிக்கே கொடுங்கள். மற்றதெல்லாம் மறுசுழற்சிக்கு.