ஹோம் தியேட்டர் பிசி: எல்லாம் அருமை, அந்த மூன்று நொடி தவிர

மச்சினன் பெரிய டிவி வாங்கிவிட்டான். "மாமா, உங்க வீட்டுல இருக்கிற மாதிரியே நானும் ஒரு ஹோம் தியேட்டர் பிசி கட்டிக்கலாம்னு இருக்கேன், பார்ட்ஸ் லிஸ்ட் மட்டும் அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறான். டிவியில் இணைத்துப் படம் பார்க்கவே கட்டுகிற கம்ப்யூட்டர்தான் இது. லிஸ்ட் அனுப்ப இரண்டு நிமிடம் போதும். ஆனால் லிஸ்ட்டில் இல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் அனுப்ப மனசு வரவில்லை.

முதலில் லிஸ்ட்டை முடித்துவிடுகிறேன். இன்டெல் என்100 சிப் சேர்ந்தே வரும் மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு மதர்போர்டு, 8 ஜிபி ரேம், சின்ன எஸ்எஸ்டி, படங்களுக்குத் தனியாகப் பெரிய ஹார்டு டிஸ்க். மேலே லிப்ரெஇலெக் என்ற சின்ன லினக்ஸ், அதற்குள் படமும் பாட்டும் ஓட்டுகிற கோடி மென்பொருள். சத்தத்துக்கு, ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவர். என்100ஐப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 6 வாட் சிப், ஃபேன் இல்லாத ஹீட் சிங்க்கே தாங்குகிறது. எச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 என்று வீடியோவை எந்த முறையில் சுருக்கியிருந்தாலும் சிப்பில் இருக்கும் டீகோடரே விரித்துப் பார்த்துக்கொள்கிறது. 4கே படம் ஓடும்போதும் பெட்டி லேசாகத்தான் சுடும். இதையெல்லாம் ஊரே எழுதிவிட்டது.

நான் சொல்ல வந்தது ஃப்ரேம் கணக்கு. ஃப்ரேம் என்றால் அசையாத ஒரு தனிப் படம். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், ப்ளூ-ரே டிஸ்க்கில் பெரும்பாலும் 23.976. கம்ப்யூட்டரோ டிவிக்கு நொடிக்கு 60 தடவை படம் அனுப்புகிறது. 24ஐ வைத்து 60ஐச் சமமாகப் பங்கு போட வழியில்லை. அதனால் ஒரு ஃப்ரேமை மூன்று தடவை, அடுத்ததை இரண்டு தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டும். ஒன்று 50 மில்லி நொடி நிற்கும், அடுத்தது 33லேயே போய்விடும். உட்கார்ந்து பேசுகிற காட்சியில் ஒன்றும் தெரியாது. கேமரா மெதுவாக வயல்வெளியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை காட்டிக்கொண்டு போகட்டும், தென்னை மரம் ஒவ்வொன்றும் திக்கித் திக்கி நகரும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் படும். மனைவியைக் கூப்பிட்டு, ரிவைண்ட் செய்து காட்டினேன். "நல்லாத்தானே இருக்கு? படத்தைப் பாருங்க" என்று போய்விட்டாள். அவளுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்ததில்லை. 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் சிப்களின் கிராபிக்ஸ் 23.976க்குப் பதிலாக 24.000 கொடுத்தது. வித்தியாசம் நொடிக்கு 0.024 ஃப்ரேம்தான். ஆனால் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 41 நொடிக்கு ஒருமுறை படம் ஒரு ஃப்ரேம் தடுக்கும். ஹோம் தியேட்டர் பிசி கட்டிக்கொண்டிருந்தவர்கள் அதற்காக அந்தக் காலத்தில் இன்டெல்லை வறுத்து எடுத்தார்கள். 41 நொடிக்கு ஒருமுறை வரப்போகும் தடுக்கலுக்காக இருட்டில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்தான் இந்தப் பொழுதுபோக்குக்கு லாயக்கானவன்.

இன்றைக்கு இதற்கு மருந்து உண்டு. கோடியின் பிளேயர் செட்டிங்ஸில் படத்துக்கேற்ப டிவியின் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை தடவை படம் காட்டுவது என்பதை, மாற்றச் சொல்லும் வசதி இருக்கிறது. போட்டுவிட்டால் 23.976 படத்துக்கு டிவி அதே கணக்குக்கு வந்துவிடும், 25 ஃப்ரேமில் எடுத்த பழைய டிவி நிகழ்ச்சிக்கு 50 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 50 தடவை) போகும். போட்ட அன்று அதே வயல்வெளியை மறுபடி ஓட்டினேன். மரங்கள் எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு போயின. சின்ன வயதில் தியேட்டரில் பார்த்த அசைவு அப்படியே. அன்று ராத்திரி கதை எதையும் கவனிக்காமல் கேமரா நகர்கிற காட்சிகளாகத் தேடித் தேடிப் பார்த்தேன். இந்தப் பெட்டியைக் கட்டியதற்கு அந்த ஒரு ராத்திரி போதும் என்று இப்போதும் சொல்வேன்.

ஆனால் கணக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் டிவி கறுத்துப்போகிறது. சிக்னல் அறுந்து, ரிசீவர் ஒரு 'டக்' போட்டு, டிவி மறுபடி கைகுலுக்கி, படம் வர மூன்று நொடி. படம் தொடங்கும்போது ஒன்று, நிறுத்தும்போது ஒன்று. முழுநீளப் படம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் சாயங்காலம் அம்மா பாட்டு கேட்பார். வீடியோப் பாட்டுத் தொகுப்பில் ஒன்று 24, அடுத்தது 25, அதற்கடுத்தது 30. ஒவ்வொரு பாட்டுக்கும் கறுப்பு. "மறுபடி அணைஞ்சு போச்சுடா" என்று சமையலறை வரைக்கும் குரல் வரும். "அணையலம்மா, மாறுது" என்பேன். "மாறாத டிவி ஒண்ணு வாங்கேன்" என்பார். அந்த மூன்று நொடியில் பாட்டின் முதல் தாளக்கட்டு போய்விடாமல் இருக்க, மாறும் நேரத்தில் படத்தை நிறுத்திவைக்கும் அமைப்பும் கோடியில் உண்டு. போட்டிருக்கிறேன். பாட்டு தப்பித்தது, கறுப்பு அப்படியே இருக்கிறது.

நியாயமாகப் பேசினால் இது கம்ப்யூட்டரின் குற்றமே இல்லை. கேட்டதைச் சரியாகக் கொடுக்கிறது. மாறிக்கொள்ள டிவிக்குத்தான் நேரம் பிடிக்கிறது. டிவிக்குக் கேபிளில் படமும் சத்தமும் அனுப்பும் எச்டிஎம்ஐ முறையின் 2.1 பதிப்பில் க்யூஎம்எஸ் (குவிக் மீடியா ஸ்விட்சிங்) என்று ஒன்றைச் சேர்த்து இந்தக் கறுப்புக்கு வழி செய்துவிட்டார்கள். அனுப்புகிற பெட்டி, வாங்குகிற டிவி இரண்டுமே அதைப் புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2022இல் வந்த ஆப்பிள் டிவி 4கே பெட்டியில் அது இருக்கிறது. என் பெட்டியில் இல்லை, என் டிவியிலும் இல்லை. இதெல்லாம் தெரிந்தும், கறுக்கும்போது நான் முறைப்பது கம்ப்யூட்டரைத்தான்.

டிவியிலேயே இருக்கும் மோஷன் ஸ்மூத்திங்கைப் போட்டுக்கொள்ளேன் என்று ஒரு நண்பர் சொன்னார். இல்லாத ஃப்ரேமை டிவி தானாக இட்டுக்கட்டும். திக்கல் போகும், கூடவே சினிமாவும் போகும். எவ்வளவு செலவழித்து எடுத்த படமும் மத்தியான மெகா சீரியல் ஆகிவிடும். 2018இல் டாம் குரூஸே அதை அணைக்கச் சொல்லி வீடியோ போட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் என் கட்சி.

இடையில் ஒரு ரிப்பேர் வந்தது. படம் ஓடும்போது சுத்தமாக இருக்கும், நிறுத்தி மெனுவுக்கு வந்தால் திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். மென்பொருள் கோளாறு என்றுதான் யாருக்கும் தோன்றும். விஷயம் சுவருக்குள் பதித்த எச்டிஎம்ஐ கேபிளில் இருந்தது. 4கே 60 ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 18 கிகாபிட் வரை தாங்கும் கேபிள் வேண்டும். 24க்கு ஏறக்குறைய அதில் பாதி போதும். படம் 24இல் ஓடியதால் பிழைத்தது, மெனு 60இல் இருந்ததால் மாட்டிக்கொண்டது. நல்ல கேபிள் மாற்றியதும் எல்லாம் சரி. மெனுவை 1080பி-யில் வைத்திருந்தால் பழைய கேபிளே இன்னும் ஓடியிருக்கும்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு: தமிழ் சப்டைட்டில். கோடி 20ஆம் பதிப்பிலிருந்து சப்டைட்டில் எழுத்துகளையெல்லாம் லிப்ஆஸ் என்ற, சப்டைட்டில் வரைகிற மென்பொருள் வழியாக வரைகிறார்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டேன். கொம்பு எழுத்துக்கு முன்னால், கால் பின்னால், புள்ளி தலைக்கு மேல் என்று எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கின்றன. கொரியப் படத்தை அம்மா தமிழில் படித்துக்கொண்டே முழுசாகப் பார்க்கிறார். இதற்குக் காசே ஆகவில்லை.

சத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி என்ற உயர்தர ஒலி வடிவங்கள் இரண்டும் பிரிக்கப்படாமல் அப்படியே ரிசீவருக்குப் போகின்றன. நொடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் ஓடும் பழைய பால் (PAL) முறை டிவிடியில் இருக்கும் படங்கள் மட்டும் காதை உறுத்தும். 24ஐ 25 ஆக்கி ஓட்டுவதால் படம் 4 சதவீதம் வேகம், பாட்டு அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறி ஒலிக்கும். சுருதி ஞானம் இருப்பவர்கள் தள்ளி உட்காரவும்.

ஓடிடிக்கு இந்தப் பெட்டியை நம்பாதே. லினக்ஸில் அவர்களுடைய திருட்டுத் தடுப்புப் பூட்டு 4கே-யைத் திறந்துவிடாது, அதற்கு டிவியில் இருக்கும் ஆப்தான். 4கே ப்ளூ-ரே டிஸ்க் போட்டுப் பார்க்கிற ஆசையும் வேண்டாம். உரிமம் பெற்ற மென்பொருளுக்கு எஸ்ஜிஎக்ஸ் என்ற, சிப்பிலேயே இருக்கும் பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் அதை 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களிலிருந்தே எடுத்துவிட்டது. டிவி ரிமோட்டால் இயக்க, எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கட்டளை கடத்தும் சிஇசி வேண்டும், சாதாரண போர்டுகளில் அதுவும் கிடையாது. யுஎஸ்பி ரிமோட் ஒன்று வாங்கி ஒட்டவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மார்க் போடச் சொன்னால் 10க்கு 9 போடுவேன். டேய், நீ கட்டாதே. உனக்குச் சின்னக் குழந்தைகள். அரை மணி நேரத்தில் பத்து வீடியோ மாற்றுவார்கள், ஒவ்வொன்றுக்கும் திரை கறுக்கும், ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் போன் வரும். ஃப்ரேம் கணக்கைப் பொருத்தும் வசதியுள்ள ரெடிமேட் பெட்டி ஒன்று வாங்கிக்கொள். உன் டிவியில் க்யூஎம்எஸ் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார். இருந்தால் எனக்குச் சொல்லு, ஞாயிற்றுக்கிழமை வந்து ஒருதரம் பார்க்கிறேன்.